பழைய கப்பலை வாங்கி மார்ஷல் தீவுகள் கொடியில் பதிவது எப்படி?

வெளிநாட்டுக் கொடியில் கப்பலைப் பதிவது பெரிய வித்தை இல்லை. தாள்கள் பிசிறில்லாமல் இருந்தால் பதிவகத்தின் மேசையில் அது சில மணி நேர வேலைதான். சிக்கல் எல்லாம் நேரக் கணக்கில் இருக்கிறது. பழைய கொடி இறங்கும் அந்த நிமிடத்தில், பழைய நாடு கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகின்றன. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் முதல் அத்தியாயம், 14ஆம் விதி இதை நேரடியாகவே சொல்கிறது. புதிய நாட்டின் பெயரில் அதே சான்றிதழ்கள் கைக்கு வரும்வரை கப்பல் நங்கூரத்தை எடுக்க முடியாது. சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் கப்பல்காரருக்கு நஷ்டம். அதனால் கப்பல் கைமாறும் டெலிவரி நாளை நடுவில் வைத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

விளங்குவதற்கு ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். 2012இல் கட்டிய, சுமார் 56,000 டன் சுமக்கும், நிலக்கரி, தானியம் போன்ற மொத்தச் சரக்கை ஏற்றும் சூப்பராமேக்ஸ் அளவு பல்க் கேரியர். இப்போது பனாமா கொடி. வாங்குபவர் மார்ஷல் தீவுகள் கொடிக்கு மாற்ற நினைக்கிறார். டெலிவரி கொழும்பு வெளி நங்கூரத்தில். லைபீரியாவுக்கோ வேறு பெரிய பதிவகத்துக்கோ போனாலும் வரிசை ஏறத்தாழ இதுவே. படிவங்களின் பெயர்தான் மாறும்.

கொடியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஓனர்தான் என்று நினைத்தால் தவறு. முதலில் வாயைத் திறப்பது கடன் கொடுக்கும் வங்கி. தவணை தவறினால் எந்தத் துறைமுகத்திலும் கப்பலைப் பிடித்து விற்க வழி இருக்கிறதா, தன் அடமானம் முதல் வரிசையில் நிற்குமா என்பதே அவர்கள் கவலை. மார்ஷல் தீவுகளின் 1990ஆம் ஆண்டுக் கடல்சார் சட்டம் அமெரிக்கப் பொதுக் கடல் சட்டத்தைத் தழுவியது. லைபீரியாவும் அந்தப் பாதைதான். வங்கி வக்கீல்களுக்குப் பழகிய தடம் என்பதால் இவ்விரண்டுக்கும் மறுப்பு வருவது அரிது.

அடுத்தது சரக்குக்காரர்கள் பார்க்கும் துறைமுக நாட்டுச் சோதனைப் பதிவு. ஐரோப்பாவுக்குப் பாரிஸ் ஒப்பந்தக் குழுவும் ஆசிய பசிபிக் துறைமுகங்களுக்கு டோக்கியோ ஒப்பந்தக் குழுவும், ஒவ்வொரு கொடியின் கப்பல்களும் மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை சோதிக்கப்பட்டன, எத்தனை முறை தடுத்து நிறுத்தப்பட்டன என்று கணக்கிட்டுப் பட்டியல் வெளியிடுகின்றன. பட்டியலின் அடியில் கிடக்கும் கொடியை எடுத்தால், உங்கள் கப்பல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதிகாரிகள் அடிக்கடி ஏறுவார்கள். பதிவுக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த காசு ஒரே ஒரு தடுப்பில் போய்விடும். மலிவான கொடி என்று யாராவது சிபாரிசு செய்தால் முதலில் இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

வயது இன்னொரு தடை. மார்ஷல் தீவுகளும் லைபீரியாவும் பொதுவாக 20 வயதுக்குக் குறைந்த கப்பலையே எடுக்கும். அதைத் தாண்டினால் தனி விலக்கு கேட்டுப் பெற வேண்டும். 15ஐ நெருங்கிய கப்பலுக்கே பதிவுக்கு முன் கொடி நாட்டின் ஆய்வாளர் ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொல்லப்படலாம். நம் உதாரணக் கப்பல் அந்த வயதில்தான் இருக்கிறது. ஆகவே கப்பலை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கப்பல் விவரத்தையும் கடைசி மூன்றாண்டுச் சோதனை வரலாற்றையும் பதிவகத்துக்கு அனுப்பி, "எடுப்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்தியக் கரையோரச் சரக்கை நம்பி வாங்குபவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். பாரதீப்பில் நிலக்கரி ஏற்றி எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறக்குவது கரையோர வணிகம். அந்நியக் கொடிக் கப்பல் அதைச் செய்ய மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் தேவை. அந்தச் சரக்குக்கு இந்தியக் கொடிக் கப்பல்கள் முன்னுரிமை கோரலாம்.

பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் மூன்றுமே சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் வசதிக் கொடிப் பட்டியலில், அதாவது ஓனரின் நாட்டோடு தொடர்பில்லாத கொடிகளின் பட்டியலில், இருப்பவை. எனவே மாலுமிகளுக்கு அந்தக் கூட்டமைப்பு ஏற்கும் சம்பள ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் கேட்பார்கள். கொடி மாறிய கையோடு அதையும் புதுப்பிக்க வேண்டும்.

போலிப் பதிவகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில நாடுகளின் பெயரில், அந்த நாட்டு அரசுக்கே தெரியாமல், இணையதளம் வைத்துச் சான்றிதழ் விற்கிறார்கள். கடலில்லாத நாடு என்பதால் மட்டும் பதிவகம் போலியாகிவிடாது. கடலில்லாத நாட்டுக்கும் கொடி கொடுக்கும் உரிமை உண்டு, லக்சம்பர்க்கும் மங்கோலியாவும் முறைப்படியே கப்பல் பதிகின்றன. பார்க்க வேண்டியது, சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் ஜிசிஸ் தரவுத்தளத்தில் அந்த நாட்டின் சார்பில் அதே பதிவகம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை. இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் வெறும் தாள், கப்பல் நாடற்றது.

கம்பெனி

மார்ஷல் தீவுகள் கொடிக்கு ஓனர் அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. அந்நாட்டுச் சட்டப்படி ஒரு கம்பெனி தொடங்கலாம். அல்லது சிங்கப்பூரிலோ வேறெங்கோ ஏற்கெனவே இருக்கும் கம்பெனியை அந்நியக் கடல்சார் நிறுவனம் என்று அங்கே பதிந்துகொள்ளலாம். பழக்கத்தில் ஒரு கப்பலுக்கு ஒரு கம்பெனி. ஒரு கப்பலின் கடன் இன்னொன்றின் கழுத்தைப் பிடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

கம்பெனி தொடங்குவது ஒரு நாள் வேலை. இழுப்பது உண்மையான உரிமையாளர் யார் என்ற விசாரணை: பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, பங்குதாரர் படம், பணம் வந்த வழி. தடைப் பட்டியல்களில் பெயர் இருக்கிறதா என்று ஆட்களை மட்டுமல்ல, கப்பலையும் பார்ப்பார்கள். கப்பல் முன்பு எங்கெல்லாம் போனது, இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். சிக்னலை எங்காவது அணைத்து வைத்ததா என்றும் கேள்வி வரும். விற்பவரிடமிருந்து கடைசிச் சில ஆண்டுகளின் துறைமுகப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

பெயரும் எண்களும்

கப்பலின் புதிய பெயரைப் பதிவகத்தில் ஒதுக்கி வையுங்கள். அதோடு அதிகாரபூர்வ எண்ணும், வானொலி அழைப்புக் குறியும், ரேடியோ கருவிகளில் கப்பலை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் டெலிவரிக்கு முன்பே கிடைத்துவிடும். மார்ஷல் தீவுகளின் அழைப்புக் குறி வி-7 என்று தொடங்கும்; எம்.எம்.எஸ்.ஐ. 538 என்று தொடங்கும். பதிவுத் துறைமுகம் வழக்கமாக அந்நாட்டுத் தலைநகரான மஜூரோ. இவை கையில் இருந்தால்தான் கடிதத்தாள், முத்திரை, ஸ்டென்சில், ரேடியோ டெக்னீஷியன் எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுக்க முடியும்.

மாறாதது ஐ.எம்.ஓ. எண் ஒன்றுதான். கப்பல் உடைபடும்வரை அதே ஏழு இலக்கம். தட்டச்சில் ஓர் இலக்கம் புரண்டால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். விடையின் கடைசி இலக்கமே எண்ணின் ஏழாவது இலக்கம். 9074729 என்ற எண்ணுக்கு 63, 0, 35, 16, 21, 4, கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9, சரி. பதிவகத்துக்குப் போகும் ஒவ்வொரு தாளிலும் இந்தச் சோதனையைப் போட அரை நிமிடம் போதும். ஓனர் கம்பெனிக்கும் மேனேஜர் கம்பெனிக்கும் தனித்தனி ஐ.எம்.ஓ. எண் உண்டு. புதுக் கம்பெனி என்றால் அதற்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். டெலிவரிக்கு முந்தின நாள் ஞாபகம் வருபவர்கள் அதிகம்.

பதிவகம் கேட்கும் தாள்கள்

அடிப்படைக் கட்டு இது:

- பதிவு விண்ணப்பம், கம்பெனியின் இயக்குநர் தீர்மானம், கையெழுத்திடுபவருக்கு அதிகாரப் பத்திரம்
- பில் ஆஃப் சேல் என்ற விற்பனைப் பத்திரம், நோட்டரி சான்றோடு
- பழைய பதிவகத்தின் நீக்கச் சான்று, அல்லது கொடி மாற்ற அனுமதிக் கடிதம்
- கடன் பாக்கி ஏதும் பதியப்படவில்லை என்ற சான்று
- கிளாஸ் உறுதிச் சான்று (கப்பலின் உடல், இயந்திர நிலை பற்றி ஆய்வு நிறுவனம் தருவது)
- இன்சூரன்ஸ் புளூ கார்டுகள்
- ஐ.எஸ்.எம். என்ற பாதுகாப்பு மேலாண்மை விதிகளின்படி கப்பலை நடத்தும் மேனேஜர் யார், பொறுப்பாளர் யார் என்ற அறிவிப்பு
- குறைந்தபட்ச ஆள்பலச் சான்றுக்கும் ரேடியோ உரிமத்துக்கும் விண்ணப்பம்

பில் ஆஃப் சேல்தான் உயிர்நாடி. வாங்குபவர் பெயர் கம்பெனிச் சான்றில் உள்ளதுபோல ஒரு புள்ளி பிசகாமல் இருக்க வேண்டும். "பிரைவேட் லிமிடெட்" என்பதைச் சுருக்கி எழுதினால் எல்லாத் தாளிலும் அதே சுருக்கம். டன்னேஜ் (கப்பலின் உள் கொள்ளளவைக் காட்டும் எண்), நீளம், கட்டிய ஆண்டு, கட்டிய இடம் ஆகியவை டன்னேஜ் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். பிரிட்டிஷ் மரபில் வந்த சிங்கப்பூர் போன்ற பதிவகத்தில் கப்பல் 64 பங்குகளாக எழுதப்படும். பனாமாவில் நூறு சதவீதம் என்றே இருக்கும். பழைய கொடியின் மரபு எதுவோ அதன்படி எழுதாமல் மாதிரிப் படிவத்தை அப்படியே நிரப்பிக் கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பத்திரங்கள் உண்டு.

பாக்கியில்லாச் சான்று, நிலம் வாங்கும்போது எடுக்கும் வில்லங்கச் சான்று மாதிரிதான். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. பதிவேட்டில் ஏறிய அடமானம் மட்டுமே அதில் தெரியும். மாலுமிகளின் சம்பள பாக்கி, இழுவைப் படகுக் கூலி, சில நாடுகளில் எண்ணெய் பாக்கி ஆகியவை எங்கும் பதியப்படாமலேயே கப்பலோடு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றுக்கு விற்பவரின் எழுத்து உறுதிமொழியும், கையெழுத்திடும் முன் நல்ல விசாரணையுமே காப்பு.

நோட்டரிக்குப் பின், பத்திரம் வெளிநாட்டிலும் செல்ல அரசு இடும் அப்போஸ்தில் முத்திரை தேவையா, எந்தத் தாளுக்குத் தேவை என்பதைப் பதிவகத்திடமே கேளுங்கள். இந்தியா 2005 முதலும் சிங்கப்பூர் 2021 முதலும் அப்போஸ்தில் உடன்படிக்கையில் இருக்கின்றன. உடன்படிக்கையில் இல்லாத நாட்டில் பத்திரம் கையெழுத்தானால் தூதரகச் சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும். எந்த ஊரில் உட்கார்ந்து கையெழுத்திடுவது என்பதையே இதை வைத்து முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை.

கிளாஸும் சட்டச் சான்றிதழ்களும்

கப்பலின் உடலுக்கும் இயந்திரத்துக்கும் சான்று தருவது கிளாஸ் நிறுவனம். கொடி நாட்டின் சார்பில் சோலாஸ், கடல் மாசைத் தடுக்கும் மார்போல், சுமைக் கோடு, டன்னேஜ் சான்றிதழ்களை எழுதித் தருவதும் பெரும்பாலும் அதே நிறுவனம்தான். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கப்பல் பதிவேடு உட்பட, கிளாஸ் நிறுவனங்களின் ஐ.ஏ.சி.எஸ். கூட்டமைப்பில் உள்ள ஒரு கிளாஸில் கப்பல் இருக்க வேண்டும் என்று நல்ல கொடிகள் எதிர்பார்க்கும். கொடி மாற்றத்தோடு கிளாஸையும் சேர்த்து மாற்றாதீர்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் என்றால் சர்வே இரட்டிப்பாகும்; எங்கே தாமதம் என்றே தெரியாது.

கிளாஸ் உறுதிச் சான்று பதிவு நாளுக்கு முன் 10 நாட்களுக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும். டெலிவரி தள்ளிப்போனால் இதுவும் பழசாகிவிடும். துறைமுக நெரிசலில் கப்பல் மாட்டிக்கொண்டு டெலிவரி இரண்டு வாரம் தள்ளும்போது முதலில் காலாவதியாகும் தாள் இதுதான். சான்றில் நிலுவை நிபந்தனை ஏதாவது இருந்தால், அதன் கெடு என்ன என்பதையும் பாருங்கள். டெலிவரிக்கு அடுத்த வாரமே கெடு முடியும் நிபந்தனையை விற்பவர் வாய் திறந்து சொல்லமாட்டார்.

சர்வேயர் டெலிவரி இடத்துக்கு வந்து ஏறிய பிறகே புதிய சான்றிதழ்கள். கொழும்பு வெளி நங்கூரம் என்றால் படகு வேண்டும், குடியேற்ற அனுமதி வேண்டும், கடல் அமைதியாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஏணியில் ஏற முடியாமல் படகு திரும்பிவரும் நாட்களுக்கும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள். பழைய சான்றிதழ்களின் காலக்கெடுவை அப்படியே வைத்து, கொடி மாற்றச் சர்வே மட்டும் செய்து, குறுகிய காலச் சான்றிதழை அங்கேயே எழுதித் தருவார்கள். முழுக்காலச் சான்றிதழ் பின்னால் வரும்.

டன்னேஜ் சான்றிதழுக்கு மட்டும் ஒரு சலுகை. 1969ஆம் ஆண்டு டன்னேஜ் உடன்படிக்கையின்படி, கொடி மாறினாலும் பழைய சான்றிதழ் மூன்று மாதம் வரையோ புதியது வரும்வரையோ செல்லும்.

இன்சூரன்ஸ்: புளூ கார்டுகள்

எண்ணெய் கசிவு, மூழ்கிய கப்பலை அகற்றும் செலவு ஆகியவற்றுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கொடி நாடே சான்று தர வேண்டும். அந்தச் சான்றுக்கு ஆதாரமாக, கப்பல் ஓனர்களின் பரஸ்பர இன்சூரன்ஸ் சங்கமான பி அண்ட் ஐ கிளப் தருவதுதான் புளூ கார்டு. கப்பலின் எரிபொருள் கசிவுக்கான பங்கர் உடன்படிக்கைச் சான்று 1,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு, மூழ்கிய கப்பலை அகற்றுவதற்கான நைரோபி உடன்படிக்கைச் சான்று 300 கிராஸ் டன் முதல், எண்ணெய்ச் சரக்குக் கசிவுக்கான சி.எல்.சி. சான்று 2,000 டன்னுக்கு மேல் எண்ணெயைச் சரக்காக ஏற்றும் கப்பல்களுக்கு. நம் பல்க் கேரியருக்கு முதல் இரண்டும் போதும். இவற்றோடு, மாலுமிகளை ஊருக்கு அனுப்பும் செலவுக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் கிளப் தரும் இரண்டு நிதி உறுதிச் சான்றுகள் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும்.

கிளப்புகளின் ஆண்டு பிப்ரவரி 20 நண்பகலில் தொடங்குகிறது. ஜனவரியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ டெலிவரி எடுத்தால் நடப்பு ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து இரண்டு செட் கார்டு கேளுங்கள். இல்லையென்றால் கொடி மாற்றிய சில வாரத்திலேயே எல்லாச் சான்றையும் மறுபடி வாங்க வேண்டிவரும்.

மேனேஜரின் பங்கு: ஐ.எஸ்.எம்., ஐ.எஸ்.பி.எஸ்., எம்.எல்.சி.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மேனேஜர் கம்பெனியிடம் டி.ஓ.சி. என்ற இணக்கச் சான்று இருக்கும். அது கொடி வாரியாக, கப்பல் வகை வாரியாக வழங்கப்படுவது. பனாமா கொடி பல்க் கேரியர்களுக்கு டி.ஓ.சி. இருக்கிறது என்பதால் மார்ஷல் தீவுகள் கொடிக்கும் செல்லும் என்று இருந்துவிடக் கூடாது. டேங்கருக்கு மட்டும் டி.ஓ.சி. வைத்திருப்பவர் பல்க் கேரியர் எடுத்தாலும் இதே கதை. முற்றிலும் புதிய கம்பெனிக்கு இடைக்கால டி.ஓ.சி. கிடைக்கும், அதன் ஆயுள் அதிகபட்சம் 12 மாதம்.

கப்பலுக்கான இடைக்கால எஸ்.எம்.சி. என்ற பாதுகாப்பு மேலாண்மைச் சான்று ஆறு மாதத்துக்கு. அதைத் தரும் முன் தணிக்கையாளர் கப்பலில் ஏறிப் பார்ப்பவை: பாதுகாப்பு மேலாண்மை நூல் கப்பலில் இருக்கிறதா, கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் அது பழக்கமா, மூன்று மாதத்துக்குள் உள் தணிக்கைக்குத் திட்டம் இருக்கிறதா. அன்று காலைதான் ஏறிய கேப்டன் நூலின் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். அதனால் கேப்டனையும் சீஃப் இன்ஜினீயரையும் அலுவலகத்துக்கு வரவழைத்து முன்பே பயிற்சி கொடுத்து, கையெழுத்திட்ட தாளோடு அனுப்புங்கள். முடிந்தால் டெலிவரிக்கு முன்பே பார்வையாளர்களாக இருவரைக் கப்பலில் ஏற்ற ஒப்பந்தத்திலேயே இடம் வாங்கிவிடுங்கள்.

கடற்கொள்ளை, தாக்குதல் போன்றவற்றிலிருந்து காக்கும் ஐ.எஸ்.பி.எஸ். விதிகளின்படி தரப்படும் இடைக்காலக் கப்பல் பாதுகாப்புச் சான்றும் ஆறு மாதம்தான். இதற்கு நீட்டிப்பே கிடையாது. பாதுகாப்புத் திட்டத்தின் பிரதி கப்பலிலும் இன்னொன்று ஒப்புதலுக்கும் போயிருக்க வேண்டும். மாலுமிகளின் வேலை நிலைமைக்கான எம்.எல்.சி. இடைக்காலச் சான்றும் அதிகபட்சம் ஆறு மாதம். ஆறு மாதத்துக்குள் முழுத் தணிக்கைகளையும் ஒரே துறைமுகத்தில், ஒரே வருகையில் முடித்துவிட்டால் செலவு குறையும்.

அதிகாரிகளின் சான்றிதழ்

சென்னையில் தேர்வெழுதி இந்திய அரசின் தகுதிச் சான்று வாங்கிய அதிகாரி, மார்ஷல் தீவுகள் கொடிக் கப்பலில் வேலை செய்ய அந்நாட்டின் ஏற்பொப்பம், அதாவது அந்தச் சான்றை ஏற்கும் ஒப்புதல், வேண்டும். பனாமா ஏற்பொப்பம் இருந்தால் அது பனாமாவுக்கு மட்டும். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான உறுதிச் சீட்டை வைத்து மூன்று மாதம் வரை பணியாற்ற மாலுமிகளின் பயிற்சி, தகுதி பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை இடம் தருகிறது. அந்தச் சீட்டு கப்பலில் இல்லாமல் போய்விட்டால் துறைமுகச் சோதனையில் அந்த அதிகாரி இல்லாதவராகவே எண்ணப்படுவார். ஆள்பலச் சான்றின்படி ஒருவர் குறைவு, கப்பல் நிறுத்தம். எத்தனை பேர் வேண்டும் என்பதை டன்னேஜ், இயந்திர சக்தி, இயந்திர அறை ஆளில்லாமல் ஓடுமா என்பதைப் பார்த்துக் கொடி நாடு தீர்மானிக்கும்.

டெலிவரி நாள்

ஒரு முடிச்சை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பணம் வராமல் விற்பவர் பழைய பதிவை நீக்கமாட்டார். பழைய பதிவு நீங்காமல் புதிய பதிவகம் கப்பலை எடுக்காது. புதிய பதிவும் அடமானமும் ஏறாமல் வங்கி பணத்தை விடாது. கடல் சட்ட உடன்படிக்கையின் 92ஆம் பிரிவுப்படி, ஒரே நேரத்தில் இரண்டு கொடி காட்டும் கப்பலை நாடற்றதாகக் கருதலாம் என்பதால், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவைத்துச் சமாளிக்கவும் முடியாது.

நடைமுறையில் முடிச்சு அவிழ்வது இப்படி. பனாமா பதிவகத்திடம் விற்பவர் முன்கூட்டியே பாக்கி வரிகளைக் கட்டி, விற்பனைக்கும் கொடி மாற்றத்துக்கும் அனுமதி வாங்கியிருப்பார். பழைய வங்கி தன் அடமானத்தை விடுவிக்கும் பத்திரத்தைக் கையெழுத்திட்டுத் தயாராக வைத்திருக்கும். வாங்குபவரின் பணம் டெலிவரிக்கு முன்பே இடை வங்கியில் வந்து கிடக்கும். பிறகு எல்லாரும் ஒரே தொலைபேசி இணைப்பில்: விற்பவர் வக்கீல், வாங்குபவர் வக்கீல், இரண்டு வங்கி, மார்ஷல் தீவுகள் பதிவக அலுவலகம், கப்பலில் இருக்கும் இரு கேப்டன்கள்.

தாள்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படும். பிறகு டெலிவரி ஒப்புகைப் பத்திரத்தில் நேரம் எழுதிக் கையெழுத்திடுவார்கள். உள்ளூர் நேரமும் உலகப் பொது நேரமும் இரண்டும். அடமான விடுவிப்பு, பில் ஆஃப் சேல், புதிய பதிவு, புதிய அடமானம், பண விடுவிப்பு எல்லாம் அடுத்தடுத்த நிமிடங்களில் நடக்கும். இன்சூரன்ஸ் தொடங்கும் நேரமும் அதேதான். இந்த ஒப்புகைப் பத்திரத்தின் நேரமும் புதிய பதிவுச் சான்றின் நேரமும் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் பிற்பாடு இன்சூரன்ஸ்காரர் பிடித்துக்கொள்வார்.

நீக்கச் சான்றின் மூலப் பிரதி அன்றே வராது. வழக்கமான விற்பனைப் படிவமான சேல்ஃபார்ம் 2012 அதற்கு நான்கு வாரம் தருகிறது. விற்பவர் எழுத்தில் உறுதிமொழி கொடுப்பார். கெடுவை நாட்காட்டியில் குறித்து, இரண்டாவது வாரத்திலேயே நினைவூட்டல் அனுப்புங்கள். பணம் கைக்கு வந்தபின் விற்பவருக்கு அவசரம் இருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை டெலிவரி வைக்காதீர்கள். கொழும்பில் மாலை நான்கு மணி என்றால் நியூயார்க்கில் வங்கி இன்னும் திறக்கவில்லை. அங்கே திறக்கும்போது சிங்கப்பூரில் இரவு. செவ்வாய், புதன் உத்தமம்.

கப்பலுக்குள் அன்றே செய்ய வேண்டியவை

வெளியே பெயரும் பதிவுத் துறைமுகமும் மாற வேண்டும். பின்புறத்தில் வெல்டிங் செய்த பழைய எழுத்துகளைத் தேய்த்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். மிதவை வளையங்களில் கப்பல் பெயரும் துறைமுகமும் பெரிய ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். உயிர்காப்புப் படகு, தெப்பங்கள் எல்லாவற்றிலும் பழைய பெயர் போக வேண்டும். ஐ.எம்.ஓ. எண் வெளியே 200 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல், உள்ளே 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்கும். மேலே பத்து அடுக்குப் பெயின்ட் அடித்து மறைந்துபோயிருந்தால் சுரண்டித் தெரியவையுங்கள்.

ரேடியோ வேலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எம்.எம்.எஸ்.ஐ. எண் வி.எச்.எஃப்., எம்.எஃப்.-எச்.எஃப். ரேடியோக்கள், ஏ.ஐ.எஸ்., ஈபர்ப் எல்லாவற்றிலும் மாற வேண்டும். ஆபத்தில் செய்தி அனுப்பும் ஈபர்ப் மிதவையில் நாட்டுக் குறியீடு உள்ளே பதிந்திருப்பதால் அதைப் புதிதாக நிரலிட்டு, புதிய 15 எழுத்து அடையாளத்தை லேபிளில் ஒட்டி, கொடி நாட்டின் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டும். உள்ளே புதியது, லேபிளில் பழையது என்று விட்டுவிடுவது சோதனைகளில் அடிக்கடி மாட்டும் குறை. ஏ.ஐ.எஸ். கருவிக்குக் கடவுச்சொல் உண்டு. விற்பவரின் ஆட்கள் இறங்கும் முன் கேட்டு வாங்குங்கள். கப்பல் பாதுகாப்பு அபாய மணி இன்னும் பழைய ஓனர் அலுவலகத்துக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அதன் முகவரிகளைப் புதிய கொடிக்கும் புதிய பாதுகாப்பு அதிகாரிக்கும் மாற்றிச் சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். தொலைதூர அடையாளமான எல்.ஆர்.ஐ.டி. கருவியும் புதிய கொடியின் தரவு மையத்தில் சேர வேண்டும்.

இதையெல்லாம் நங்கூரத்தில் ஒரே டெக்னீஷியன் செய்ய ஒரு முழு நாள் பிடிக்கும். சர்வேயர் பின்னேரம் வருகிறார் என்றால் டெக்னீஷியன் விடியற்காலையிலேயே ஏறியிருக்க வேண்டும்.

காகிதத்தில்: கொடி நாட்டின் அதிகாரபூர்வக் கப்பல் குறிப்பேடு, எண்ணெய்ப் பதிவேடு, குப்பைப் பதிவேடு, கொடி நாட்டுச் சுற்றறிக்கைகள், புதிய முத்திரை. கூடவே சி.எஸ்.ஆர். என்ற தொடர் வரலாற்றுப் பதிவேடு. கப்பல் கட்டிய நாளிலிருந்து அல்லது 2004 ஜூலையிலிருந்து, எந்தக் கொடி, யார் ஓனர், யார் மேனேஜர் என்று எண் வரிசையில் வரும் தாள்கள் அவை. விற்றாலும் கொடி மாறினாலும் அது கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பது சோலாஸ் விதி. பழைய கேப்டன் தன் பெட்டியில் எடுத்துக்கொண்டு போய்விட்டால் நடுவில் ஓர் எண் விடுபட்டு, அதை நிரப்ப மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் 1ஆம் எண்ணிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

தற்காலிகத்திலிருந்து நிரந்தரத்துக்கு

டெலிவரி அன்று கிடைப்பது தற்காலிகப் பதிவுச் சான்று. மார்ஷல் தீவுகளில் அதன் ஆயுள் ஓராண்டு; பனாமாவில் தற்காலிகப் பத்திரம் ஆறு மாதம். இடைப்பட்ட காலத்தில் நீக்கச் சான்றின் மூலம், புதிய டன்னேஜ் சான்று, முழுக்காலச் சட்டச் சான்றிதழ்கள், பெயரும் எண்ணும் பொறித்ததற்கான சர்வேயர் குறிப்பு ஆகியவற்றை அனுப்பினால் நிரந்தரச் சான்று வரும். பெரும்பாலும் தங்கிப்போவது நீக்கச் சான்றுதான்.

எரிபொருள் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. ஆண்டு நடுவில் கொடி மாறினால், ஜனவரி 1 முதல் மாறிய நாள் வரை எரித்த எண்ணெயும் ஓடிய தூரமும் பழைய கொடி நாட்டுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். ஆனால் கப்பலின் கார்பன் மதிப்பெண் கணக்கிடப்படுவது முழு ஆண்டுக்கும். அந்தப் பொறுப்பு ஆண்டு முடிவில் கப்பலை வைத்திருப்பவருக்கு. விற்பவரின் எண்கள் இல்லாமல் அதைப் போட முடியாது. டெலிவரி வரையான எரிபொருள் கணக்கைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டெலிவரி முடிந்து மூன்று மாதம் கழித்துக் கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதில்கூட வராது.